நீ அழுத்தவிடாத மூன்றாவது வரி

அக்கா,

என் இடது கையிலிருந்து உன் வாசனை வந்துகொண்டிருக்கிறது. முட்டை வெள்ளைக்கருவும் அரைத்த பச்சிலையும் பூசி, மூங்கில் பத்தை வைத்து, பருத்தித் துணியால் இறுக்கிச் சுற்றிய புத்தூர்க் கட்டு. காய ஆரம்பித்ததும் லேசாகக் கவிச்சி அடிக்குமே, அந்த வாசனை. காலையில் பஸ் படியில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு போய்விட்டது. கட்டுப் போடுகிறவர் "செய்யி பைக்கி எத்தம்மா" என்றார். கையை மேலே தூக்குவதற்குள் பிடித்து இழுத்துச் சரிசெய்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்த ஒரு குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது.

நீ சத்தம் போடவில்லை. அதே இடம், அதே பெஞ்சு. உனக்கு வலது கை. பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் படுத்திருந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். முடிந்ததும் "ஆச்சா?" என்று மட்டும் கேட்டாய். "ரொம்ப கெட்டி மனுஷிம்மா உங்க அக்கா" என்று அவர் என்னிடம் சொன்னதை, வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாய். அப்போது நானும் சேர்ந்துதான் பெருமைப்பட்டேன். இன்றைக்கு ரயிலில் கையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. செத்துப்போனவள்மேல் கோபம் வைத்திருக்கக் கூடாது என்று அத்தை சொல்வாள். நான் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என் கையைப் பார்த்து அழுதாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். அப்புறம், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடப் போகிறது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சாயந்தரம் என் புள்ள குவைத்துலேர்ந்து போன் பண்ணுவான். முந்தானைய மேல போட்டுக்கினு பேசு. அங்க கீற புள்ளைக்கு இத்த சொல்லாத."

இது உன் சட்டம், அக்கா. நீ போய்விட்டாய். உன் சட்டம் மட்டும் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்குள் வந்த ஓர்ப்படிகள் நாம். சத்தியவேடு பக்கத்தில், நம் மாமனார் காலம்வரை அடுத்தவர் நிலத்துக்குக் கூலிக்குப் போன குடும்பம். முதலில் உன் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போனார், ஒரு வீட்டில் டிரைவராக. அவரை நான் எப்போதும் பெரியவர் என்றுதான் சொல்வேன். பின்னாலேயே என் வீட்டுக்காரர் ஏ.சி. மெக்கானிக்காகப் போனார். நம் ஜில்லாவில் அப்போது எந்தத் தெருவில் கேட்டாலும் யாராவது ஒருத்தர் குவைத்தில் இருந்தார்கள். உன் மகள் வாணியின் படிப்புக்காக நீ, நான், அத்தை மூன்று பேரும் திருப்பதிக்கு வந்து கொர்லகுண்டா சந்தில் வாடகைக்கு இருந்தோம். ஆண் வாடையே இல்லாத வீடு என்று வீட்டுக்காரம்மா கேலி செய்வாள்.

மாமனார் காய்ச்சலில் கிடந்தபோது பெரியவரிடம் யாரோ போனில் உளறிவிட்டார்கள். பாஸ்போர்ட் முதலாளி கையில். லீவு கிடைக்கவில்லை. அந்த மனுஷன் சோறு தண்ணியில்லாமல் வண்டி ஓட்டி, சுவரில் கொண்டுபோய் இடித்து, விலா எலும்பு உடைந்து கிடந்தார். மாமனாரும் பிழைக்கவில்லை, மகனும் வந்து சேரவில்லை. அன்றைக்கு நீ சட்டம் போட்டாய். குவைத்துக்கு நல்ல சேதி மட்டும்தான் போகணும்.

"சொன்னா இன்னா பண்ணுவாரு? மணல்ல நின்னுக்கினு அய்வாரு. அதுக்குத் தெரியாமயே இருந்துட்டுப் போட்டும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊரில் கூரை பறந்ததைச் சொல்லவில்லை. அத்தையின் கண் ஆபரேஷனைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் லீவில் வந்து போன பிறகு எனக்கு நாள் தள்ளிப்போனது, மூன்று மாதம் தாண்டட்டும் அப்புறம் அவருக்குச் சொல்லலாம் என்று இருந்தோம். தாண்டவில்லை. நான் பாயில் சுருண்டு கிடந்த அன்று அவர் போன் வந்தது. நீதான் எடுத்தாய். "அவ குளிச்சிக்கினு கீறா, அப்பால பேசுவா" என்றாய். போனை வைத்துவிட்டு என் தலையை உன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாய். தனக்கு ஒரு பிள்ளை உண்டாகிக் கலைந்தது என்று அந்த மனுஷனுக்கு இன்றுவரை தெரியாது.

உன் கை உடைந்ததும் ஒரு விதத்தில் நல்லதுக்குத்தான் என்று அப்போது சொல்லிச் சிரிப்போம். குழாயடியில் வழுக்கி விழுந்து, புத்தூருக்குப் போய் வந்து, வேலை செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பது உனக்கு ஜெயில்போல இருந்தது. டி.வி. சீரியல் பார்த்தால் அதில் வருகிற மாமியாரைத் திட்டித் திட்டியே உனக்குத் தலைவலி வந்துவிடும். வாணி பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது பழைய லேப்டாப்பை விட்டுப்போயிருந்தாள். "சித்தி, இதுல கதை கேம் கொஞ்சம் போட்டு வெச்சிருக்கேன், அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்க" என்றிருந்தாள். சமையல் முடிந்து, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு பொழுது கிடைக்குமே, அதில் திறந்தோம்.

கேம் என்றால் சுடுவது, ஓடுவது, காரை மோதுவது என்று நினைத்திருந்தேன். இதில் ஒரு எதிரிகூட இல்லை. நடக்கலாம், பார்க்கலாம், எதிரில் வருகிறவர்களோடு பேசலாம். என்ன பதில் சொல்வது என்று மட்டும் நாம் தேர்ந்தெடுக்கணும். பாதியில் நின்றுபோன பி.காம். இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான் படித்துத் தமிழில் சொல்வேன், நீ முடிவு செய்வாய், நான் அழுத்துவேன். கட்டுப் பிரித்த பிறகும் நீ மவுஸைத் தொடவில்லை. "நீ கையி, நான் வாயி. அப்டியே இருக்கட்டும்" என்றாய்.

முதல் கேம் உனக்கு ஞாபகம் இருக்கும். தனியாகச் செத்துப்போன ஒரு கிழவரின் வீட்டைக் காலி செய்து கொடுக்க வந்த பெண். ஒவ்வொரு அறையாகப் போய், அங்கே இருப்பதை எடுத்துப் பார்க்கப் பார்க்க அவர் கதை தெரியவரும். வாசலிலேயே உனக்குத் தகராறு. கூப்பிடாமல் உள்ளே போகக் கூடாது என்றாய். "ஆளே இல்லக்கா, செத்துட்டாரு" என்றேன். "அதுக்கு?" என்றாய். கதவைத் தட்டுகிற வசதி அந்தக் கேமில் இல்லை. நீயே வாயால் "ஊட்ல யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னை அழுத்தச் சொன்னாய். பீரோ வந்ததும் ஒரேயடியாக மறுத்துவிட்டாய்.

"யாரு வூட்டு பீரோவ யாரு தொறக்கிறது?"

"தொறந்தாத்தான் கதை நகரும்."

"அப்ப நகர வாணாம்."

அன்றைக்கு அங்கேயே நின்றது. மறுநாள், எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைக்கணும் என்ற ஒப்பந்தத்தின் பேரில் இறங்கி வந்தாய். சட்டை, மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் நான் திரும்ப வைத்துக்கொண்டே போனேன். வாணி போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். கதை முடிந்து பெயர்கள் ஓடியபோது அதையும் படிக்கச் சொன்னாய். சினிமாவில் ஓடுகிற மாதிரி ஓடும் என்று பார்த்தால், சட்டென்று நின்றுவிட்டது. "இவ்ளோ பேருதானா? நம்ம வூட்டு ஆளுங்க அளவுக்குத்தான் கீறாங்க" என்று ஆச்சரியப்பட்டாய். பெரிய கம்பெனி இல்லாமல் நாலு பேர் சேர்ந்து, சொல்ல ஒரு கதை இருக்கிறதே என்று செய்தது உனக்குப் பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம் எந்தக் கேம் போட்டாலும், இதை எத்தனை பேர் செய்தார்கள் என்று முதலில் கேட்பாய்.

ஒரு கதவைத் திறப்பதற்கு முன் என் உயிரை வாங்குகிறவள் நீ. யாருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டால் வெங்காயம் உரித்துக்கொண்டே யோசிப்பாய், உரித்து முடித்து "இன்னோருக்கா படி" என்பாய். அப்படிப்பட்டவள் யோசிக்காமல் பதில் சொன்ன ஒரே கேம் அந்த ரயில்வே கேட் கேம்தான்.

பனி கொட்டுகிற ஏதோ ஒரு மலைநாடு. ஆளரவமில்லாத ஒரு கேட். அதைப் பார்த்துக்கொள்கிற வயசான அம்மா. ரயில் வரும்போது கேட்டை மூடணும், போனதும் திறக்கணும், விளக்குக்கு எண்ணெய் ஊற்றணும், அடுப்புக்கு விறகு பிளக்கணும். மகன் தூர தேசத்தில் சுரங்க வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் பண்ணி, எப்படி இருக்கிறாய் என்று கேட்பான். திரையின் அடியில் மூன்று வரி வரும். எதை அழுத்துகிறோமோ அதை அந்த அம்மா சொல்வாள். எல்லாம் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் களைப்பாக இருக்கிறது. வலிக்கிறது.

"மொத வரி" என்றாய், நான் படித்து முடிப்பதற்குள்.

கேம் போகப்போக அந்த அம்மாவின் நடை மெதுவானது. ஆரம்பத்தில் விறகு பிளக்க ஒரு அழுத்து போதும். அப்புறம் அழுத்திக்கொண்டே இருக்கணும். கடைசியில் என் விரல் மரத்துப்போகும்வரை அழுத்தினால்தான் கோடாலி இறங்கும். அவள் வலியை என் விரலுக்கு மாற்றிவிட்டார்கள். எந்தக் கதையைப் படித்தும் எனக்கு அப்படி உடம்பில் பட்டதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த மூன்று வரி வந்தது. ஒவ்வொரு முறையும் நான் உன் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் "மொத வரி". நன்றாக இருக்கிறேன் என்று அவள் சொல்லச் சொல்ல மகனின் பேச்சு குறைந்தது. அம்மாதான் நன்றாக இருக்கிறாளே என்று சீக்கிரம் போனை வைத்துவிடுவான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. அடியில் எந்த வரியும் வரவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு ரயில், விளக்கு எரியாத கேட்டுக்கு முன்னால் நின்றது. அதிலிருந்து ஒருவன் பையோடு இறங்கிப் பனியில் நடந்தான். அவ்வளவுதான். பெயர்கள் ஓடின. கடைசியில் தனியாக ஒரு வரி: என் அம்மாவுக்கு.

நான் அழுதுவிட்டேன். "முதல்லருந்து ஆடலாங்க்கா. இந்த வாட்டி மூணாவத அழுத்தலாம்" என்றேன்.

"வாணாம். அவ செஞ்சதுதான் சரி."

"இன்னாக்கா சரி? அந்தப் புள்ளைக்கு இன்னா கெடச்சுது? கடைசில ஒரு கேமு செஞ்சி வெச்சிக்கினு உக்காந்துக்கினு கீறான்!"

"வாய மூடு. புள்ள நிம்மதியா வேல பாத்தான், நிம்மதியா துன்னான். பெத்தவளுக்கு அது போதும்."

எழுந்து போய்விட்டாய். சாயந்தரம்வரை நாம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு பொம்மைக் கிழவிக்காக இரண்டு பொம்பளைகள் சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம் என்று அத்தை எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

அந்த நாளிலேயே உனக்கு மார்பில் கட்டி இருந்தது. அது வெகுநாள் கழித்து, வேலூர் ஆஸ்பத்திரியில், எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டு நீ பதில் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கூடவே இருந்தவள் கவனிக்கவில்லையா என்று ஊரில் கேட்டார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே பாத்ரூம், ஒரே கொடி, ஒரே அடுப்பு. அத்தனை பக்கத்தில் இருந்தவளிடம் மறைக்க நீ எவ்வளவு பாடுபட்டிருப்பாய்! உன் துணியை நீயே துவைத்து, நான் எழுந்திருப்பதற்குள் காயவைத்து, நான் பார்ப்பதற்குள் மடித்து வைத்தாய். கை தூக்க முடியாதபோது, உடைந்த கை குளிருக்கு வலிக்கிறது என்று புத்தூர்க் கட்டின்மேல் பழியைப் போட்டாய். நான் எண்ணெய் காய்ச்சி அந்த மணிக்கட்டுக்குத் தேய்த்துவிட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டு காட்டினாய். பெரியவரிடம் மறைத்தாய், சரி, கடல் தாண்டி இருக்கிறார். பெங்களூரில் இருக்கிற பெண்ணிடம் மறைத்தாய், அதுவும் சரி. நான் எங்கே இருந்தேன்? உன் பக்கத்தில், உன் பாயில். என்னையும் குவைத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாய், அக்கா. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

குழாயடியில் மயங்கி விழுந்த அன்று பக்கத்துத் தெரு லேடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அந்தம்மா உன்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னி நெலலு ஏம் சேஸ்துன்னாரம்மா?" இத்தனை மாசம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரே சத்தம். திரைக்குப் பின்னாலிருந்து உன் குரல் நிதானமாக வந்தது. "ஆமெக்கு தெலீதம்மா." அவளுக்குத் தெரியாதம்மா. படுத்த நிலையிலும் என்னைக் காப்பாற்றினாய். காப்பாற்றியதற்குப் பதிலாக முன்பே சொல்லியிருக்கலாம்.

வேலூர் ஊசியில் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. இனிமேலாவது பெரியவருக்குச் சொல்லியாக வேண்டும், வீடியோவில் தலையை எப்படி மறைப்பாய் என்று கேட்டேன். நீ அதற்கும் வழி வைத்திருந்தாய். திருப்பதியில் மொட்டைத் தலையைப் பார்த்து யார் கேள்வி கேட்பார்கள்? பஸ் ஸ்டாண்டில், ரயிலடியில், டீக்கடையில், எங்கே திரும்பினாலும் சந்தனம் பூசிய தலைகள்தான். மிச்ச முடியையும் வழித்துவிட்டு, சந்தனம் குழைத்துத் தரச் சொன்னாய். நான் மாட்டேன் என்றேன். அத்தை குழைத்தாள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்து, பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு, போன் வந்ததும் முந்தானையை நீயே விலக்கிக் காட்டினாய்.

பெரியவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இன்னா இது? மலைக்குப் போனியா?"

"வேண்டிக்கினேன். போயி குடுத்துட்டு வந்தேன்."

"எனக்கோசரமா?"

"உங்களுக்கோசரந்தான். நல்லபடியா வூடு வந்து சேரணும்னு."

குவைத்தில் ஒரு கார் ஷெட்டில் நின்றுகொண்டு அந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் தனக்காக ஒருத்தி தலைமுடியைக் கொடுத்தாள் என்பது அவருக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது. "மொட்ட ஒனக்கு நல்லாத்தான் கீது" என்றார். நீ சிரித்தாய். நிஜமாகவே சிரித்தாய், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் வைத்ததும் நான் கத்தினேன். இன்றைக்கே நான் சொல்லப் போகிறேன் என்று போனைக் கையில் எடுத்தேன். நீ என் கையைப் பிடித்து இழுத்து, சந்தனத்தின்மேல், உன் தலைமேல் வைத்துக்கொண்டாய். "சொல்லமாட்டேன்னு சொல்லு." முடியில்லாத அந்தத் தலை காய்ச்சலில் சுட்டது. சொல்லமாட்டேன் என்றேன். வேறு என்ன செய்வது? அப்புறம் தீபாவளிக்கு வந்த வாணியின் கையும் அதே தலைமேல் வைக்கப்பட்டது. அவள் திரும்பிப் போகவில்லை. கடைசிவரை உன் காலடியில் இருந்தாள்.

பெரியவர் வரும்போது உன்னை ஊருக்குக் கொண்டுபோய் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். ஏர்போர்ட்டிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகக் காரில் வந்து இறங்கினார். உனக்கென்று வாங்கிவைத்திருந்த புடவை பையில் இருந்தது. அவர் அழவில்லை. கண்ணாடிக்குள் உன் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கங்கே பூஞ்சையாக நாலு முடி முளைத்திருந்தது. என்னிடம் வந்து, மெதுவாக, யாருக்கும் கேட்காமல் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த மொட்ட… சாமிக்கு இல்லியா?"

இல்லை என்று தலையாட்டினேன். கொள்ளி வைப்பதற்காக அவருக்கும் மொட்டை அடித்தார்கள். சடங்கு முழுக்க ஒரு கையால் தன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். உன்மேல் கோபப்படக்கூட நீ அவருக்கு இடம் வைக்கவில்லை. லீவு முடிந்து திரும்பிப் போனார். இப்போதும் போன் பண்ணுகிறார். நன்றாக இருக்கிறேன் என்கிறார். உன் சட்டத்தை அவரும் கற்றுக்கொண்டுவிட்டார்.

உன் பீரோவை ஒழித்துத் தரச் சொல்லி வாணி கேட்டாள். கதவைத் தட்டி, "யக்கா, தொறக்கட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறந்தேன். எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டேன். ஒழிக்கவில்லை.

அப்புறம் ஒருநாள், சமையல் முடிந்து தண்ணீர் வருவதற்கு முன்னால், லேப்டாப்பைத் திறந்தேன். ரயில்வே கேட். முதலிலிருந்து. முதல் ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது, மூன்று வரி வந்தது. பக்கத்தில் யாரும் "மொத வரி" என்று சொல்லவில்லை. மூன்றாவதை அழுத்தினேன். மகன் எங்கே என்று கேட்டான். எப்போதிலிருந்து என்று கேட்டான். நாம் பார்க்கவே பார்க்காத பேச்செல்லாம் வந்தது, அக்கா. அவன் போனை வைக்கவே மாட்டேன் என்கிறான். சுரங்க வாசலில் நின்று அழுதான். அந்த மட்டும் நீ சொன்னது சரிதான். முதலாளி விடவில்லை, சண்டை போட்டான், தாமதமாகத்தான் வந்தான். ஆனால் வந்தான். கோடாலியை அம்மா கையிலிருந்து வாங்கினான். அவனை வைத்து விறகு பிளக்க எனக்கு ஒரே அழுத்து போதுமாக இருந்தது.

அந்த அம்மா பிழைக்கவில்லை. மூன்றாவது வரியை அழுத்தினாலும் பனி உருகுகிற சமயத்தில் செத்துத்தான் போகிறாள். பக்கத்தில் ஆள் இருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். முடிவில் அதே வரி: என் அம்மாவுக்கு. இதைச் செய்த பிள்ளைக்கு நிஜத்தில் எந்த முடிவு வாய்த்ததோ தெரியவில்லை. கிடைத்ததோடு நிறுத்தாமல், கிடைக்காததையும் உட்கார்ந்து செய்திருக்கிறான். அன்றைக்கு அவனைப் பற்றி நான் இளக்காரமாகப் பேசியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உன்னைப் பற்றிப் பேசியதை வாங்க மாட்டேன்.

இதுவரை எழுதிவிட்டுச் சாயந்தரத்துக்காகக் காத்திருந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே போன் வந்தது. அத்தை ஓடிவந்து என் முந்தானையை இழுத்துக் கட்டின்மேல் போர்த்திவிட்டு, திரையில் தெரியாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். என் வீட்டுக்காரர் முகம் வந்தது. பின்னால் அடுக்குக் கட்டில், கொடியில் பனியன். காதோரம் நரை கூடியிருக்கிறது.

"துன்னியா?" என்றார்.

"துன்னேன்."

"எப்டி கீற?"

தினமும் கேட்பதுதான். தினமும் அந்த முதல் வரியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாக்கு நுனிக்கு அது வந்தும்விட்டது. என் கையிலிருந்து அந்த வாசனை எழுந்தது. முந்தானையைத் தள்ளிவிட்டு, கட்டுப் போட்ட கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். அந்தப் பக்கம் அத்தை வாயில் அடித்துக்கொண்டாள்.

போன் நின்றுபோயிற்றோ என்று பார்த்தேன். இல்லை, அவர் கண் இமைத்தது.

"வலிக்குதா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் இந்தப் போனில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. கேட்பதற்கு நாம் விட்டதில்லை.

"வலிக்குது" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கை வலியைச் சொன்னேனா, வேறு எதையாவது சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். கொடியில் இருந்த பனியனைத் தள்ளிவிட்டு, கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து, போனை மடியில் நிறுத்திக்கொண்டார்.

"மொதல்லேர்ந்து சொல்லு" என்றார்.

நான் குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று நீ போனில் சொன்னாயே, அக்கா, அந்த நாளிலிருந்து ஆரம்பித்தேன்.